ஒரு பக்கம் மட்டும் வாடாமல்லி

அந்த ஜன்னலோட மல்லுக்கட்டாதீங்க சார், அது மூடாது. பையை மடியில வெச்சுக்கோங்க. மேல வெச்சா வளைவுல நம்ம தலையிலதான் விழும். லேப்டாப்தானே? கம்ப்யூட்டர் லைனா? ஓ, பேங்க்கா. பரவாயில்ல, பேங்க்ல இருக்கறவங்களுக்கும் புரியற விஷயம்தான். உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். நீங்களும் கோவில்பட்டிதானே? நல்லதாப் போச்சு. நடுவுல இறங்கிற மாட்டீங்க.

என் பேரு குருவையா. 'குரு வெப் வேர்ல்டு'ன்னு கடை வெச்சிருக்கேன். வெப்சைட் செஞ்சு குடுக்கறது. இப்ப என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரத்தான் போயிட்டிருக்கேன். சங்கரேஸ்வரி, நான் ஈஸ்வரின்னு கூப்பிடுவேன். கோவிச்சுக்கிட்டு எல்லாம் போகல. அப்படி நீங்களா எதுவும் நினைச்சுக்காதீங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. போய்க் கொஞ்ச நாள் ஆச்சு. அங்கயே ஒரு கடலைமிட்டாய்க் கடை மாடியில ரூம் பிடிச்சு, போர்டு மாட்டி, ரெண்டு பொண்ணுகளை வேலைக்குச் சேர்த்திருக்கா. அது வேற. ஒரு பொம்பளை கோவிச்சுக்கிட்டுப் போனா அழுவா, சத்தம் போடுவா, அவங்க அம்மாவுக்கு போன் பண்ணுவா. இவ அதெல்லாம் ஒன்னும் பண்ணல. லேப்டாப் சார்ஜரை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டா.

சண்டை எதுக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. மாமியார் மருமக சண்டை இல்ல, நகை நட்டு இல்ல. ஸ்டைலை எங்க எழுதறதுன்னு சண்டை.

சிரிக்காதீங்க சார். சொல்றேன்.

ஒரு வெப்சைட்டுன்னா அதுல ரெண்டு சமாச்சாரம். என்ன இருக்குங்கறது ஒன்னு, அது பார்க்க எப்படி இருக்குங்கறது இன்னொன்னு. தலைப்பு, படம், பத்தி, இதெல்லாம் சரக்கு. அந்தத் தலைப்பு என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெருசு, படத்தைச் சுத்தி எவ்வளவு இடம் விடணும், எது கண்ணுக்குத் தெரியணும், எது மறையணும், இதெல்லாம் ஸ்டைல். இந்த ஸ்டைலை எழுதறதுக்கு மூணு இடம் இருக்கு. எந்தத் தலைப்புக்கு வேணுமோ அந்தத் தலைப்பு மேலேயே எழுதலாம். இல்லன்னா பக்கத்துக்குப் பக்கம் தலைமாட்டுல மொத்தமா எழுதலாம். அதுவும் இல்லன்னா, தனியா ஒரே ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுட்டு, எல்லாப் பக்கமும் போய் அதைப் பார்த்துக்கோன்னு சொல்லிறலாம்.

எனக்கு முதல் வழி. அவளுக்கு மூணாவது வழி. அவங்க அப்பா சமாதானம் பேச வந்தப்ப ரெண்டாவது வழியைச் சொன்னாரு. அவருக்கு ஒரு எழவும் புரியல. நடுவுல இருக்கறதைச் சொன்னாரு. பெரிய மனுஷங்க எல்லாம் அப்படித்தான்.

நான் வந்தது ஃப்ளெக்ஸ் லைன் சார். கோவில் கொடை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நான்தான் எங்க ஊர்ல. ஃப்ளெக்ஸ்ல தனி ஃபைலா, பொது விதியா? ஒவ்வொரு மூஞ்சிக்கும் நாமதான் உக்காந்து கலர் ஏத்தணும். கண்ணீர் அஞ்சலியில செத்தவர் மூஞ்சியைவிட மச்சான் மூஞ்சி பெருசா வரணும்னு கேப்பான். செத்தவருக்கு ஒரு மாதிரி, மச்சானுக்கு ஒரு மாதிரி. இதை எந்தப் பொது ஃபைல்ல எழுதுவீங்க? அந்தந்த ஆள் மேல அந்தந்த ஆளுக்கு எழுதணும். அதுதான் மரியாதை.

அவ படிச்சவ. பி.எஸ்.சி. கம்ப்யூட்டர். அவ சொல்லுவா, "பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்ன நிறம்னு ஆபீஸ் வாசல்ல ஒரு தடவை எழுதி ஒட்டினா போதுங்க. நீங்க ஒவ்வொரு பிள்ளை முதுகுலயும் போய் எழுதிட்டிருக்கீங்க."

நான் சொன்னேன், "ஆபீஸ் எரிஞ்சு போனாக்கூட பிள்ளை முதுகுல இருக்கும்ல?"

"பிள்ளைக்கு யூனிஃபார்ம் மாத்தணும்னா?"

"எதுக்கு மாத்தணும்? நல்ல நிறமா முதல்லயே போட்டுட்டா எதுக்கு மாத்தணும்?"

திரும்பி அவ வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?

நல்லா கேட்டுக்கோங்க, இதுல ஒரு சட்டம் இருக்கு. நான் போட்ட சட்டம் இல்ல, கம்ப்யூட்டர்லயே இருக்கற சட்டம். தனி ஃபைல்ல ஒரு நிறம் எழுதியிருக்கு, தலைப்பு மேலேயே வேற நிறம் எழுதியிருக்குன்னு வைங்க. எது ஜெயிக்கும்? தலைப்பு மேல எழுதினதுதான் ஜெயிக்கும். பக்கத்துல இருக்கறவன் சொல்லுக்குத்தான் மதிப்பு. அதனால என்ன பண்ணுவேன்னா, அவ ஒரு சைட்டை முடிச்சு வெச்சதும் நான் கடைசியா உக்காந்து ஒரு ஃபினிஷிங் குடுப்பேன். இந்தத் தலைப்பைக் கொஞ்சம் பெருசு, அந்த ஓரத்தைக் கொஞ்சம் அடர்த்தி. எல்லாம் அது அது மேலேயே. "நான் ஒரு இடத்துல எழுதி வெச்சதுக்கு மேல ஏறி உக்காந்து எழுதறீங்களே"ன்னு கேப்பா. நான் சிரிச்சுக்கிட்டே, "ஜெயிக்குதுல்ல?"ம்பேன். விளையாட்டுதான் சார். புருஷன் பொண்டாட்டிக்குள்ள.

இப்ப சீனியப்பன் அண்ணாச்சி கதைக்கு வர்றேன். நியாயம் இதுலதான் இருக்கு.

எங்க ஊர்ல ரெண்டு கட்சி. பேரெல்லாம் வேண்டாம், பஸ்ல யாரு எந்தக் கட்சின்னு தெரியாது. ஒன்னை வாடாமல்லிக் கட்சின்னு வெச்சுக்குவோம், இன்னொன்னு கிளிப்பச்சை. அண்ணாச்சி பரம்பரை வாடாமல்லி. துண்டு, கார் சீட்டு கவர், வீட்டு கேட்டு, பேரனுக்கு வாங்கின மூணு சக்கர சைக்கிள், எல்லாம் வாடாமல்லி. நகராட்சித் தலைவர் பதவிக்கு நிக்கணும்னு ஆசை. அதுக்கு ஒரு வெப்சைட் கேட்டு வந்தாரு. கூடவே அவரு கார் டிரைவர் லாரன்ஸ். அண்ணாச்சி அதிகம் பேசமாட்டாரு, துண்டை உதறுவாரு. மிச்சத்தை லாரன்ஸ் பேசுவான்.

"அண்ணாச்சிக்கு எல்லாப் பக்கமும் நம்ம நிறமா இருக்கணும். பார்த்தா கண்ணு கூசணும்"னான்.

கூச வெச்சோம் சார். அண்ணாச்சி சேவை ஒரு பக்கம், அண்ணாச்சி பிறந்தநாள் ஒரு பக்கம், அண்ணாச்சி திறந்து வெச்ச தண்ணிப் பந்தல், நிழற்குடை, போர்க்குழாய், ஒவ்வொன்னுக்கும் ஒரு பக்கம். ஒரு போர்க்குழாயை ரெண்டு தடவை திறந்திருந்தாரு, அதுக்கு ரெண்டு பக்கம். அப்புறம் 'உங்கள் குறை சொல்ல'ன்னு ஒரு பக்கம். அதுல குறையை எழுதி அனுப்பினா, நன்றின்னு ஒரு பக்கம் வரும். அதுல நானே யோசிச்சு ஒரு வாசகம் போட்டேன்: 'உங்கள் குறை என் குறை. உயிர் உள்ளவரை வாடாமல்லி.' ஈஸ்வரி எல்லாத்தையும் கட்டினா. நான் ஃபினிஷிங் குடுத்தேன். பக்கம் பக்கமா, வரி வரியா, வாடாமல்லி ஏத்தினேன். கண் அளவுல ஏத்தினது. இங்க கொஞ்சம் ரோஸ் கலந்தது, அங்க கொஞ்சம் ஊதா கலந்தது. கலைன்னா அப்படித்தான்.

தேர்தல் வந்துச்சு. அண்ணாச்சிக்கு சீட் இல்லைன்னுட்டாங்க. ஒருநாள் காலையில கடையைத் திறந்து தண்ணி தெளிச்சுக்கிட்டிருக்கேன், லாரன்ஸ் போன்.

"குரு, சாயங்காலம் அண்ணாச்சி கிளிப்பச்சையில சேர்றாரு."

"எந்தக் கிளிப்பச்சை?"

"எத்தனை கிளிப்பச்சை இருக்கு? மண்டபத்துல மேடை போட்டாச்சு. மாவட்டச் செயலாளர் வர்றாரு. பெரிய திரையில நம்ம வெப்சைட்டைப் போட்டுக் காட்டப் போறாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் கிளிப்பச்சையா மாறணும். வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சுட்டிருக்காங்க, நான் வெக்கறேன்."

ஈஸ்வரி கேட்டுட்டு அவ ஃபைலைத் திறந்தா. வாடாமல்லின்னு இருந்த ஒரே ஒரு வரியைக் கிளிப்பச்சைன்னு மாத்தினா. சேவ் பண்ணினா. பக்கத்தைத் திறந்து பார்த்தா, அப்படியே வாடாமல்லி. ஓரத்துல ஒரு கோடு மட்டும் பச்சையாச்சு. நான் ஃபினிஷிங் குடுக்க மறந்த கோடு.

என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் வெளியில பார்த்தேன்.

"தேடி மாத்தலாம். எந்த வாடாமல்லி எழுதியிருக்கீங்க?"ன்னா.

எந்த வாடாமல்லின்னு சொல்ல? அதான் கண் அளவுல ஏத்தினதுன்னு சொன்னேனே. ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது.

"சரி, இன்னொரு வழி இருக்கு"ன்னா. தனி ஃபைல்ல நிறத்தை எழுதி, பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போட்டு, 'இம்பார்ட்டன்ட்'னு ஒரு சொல் சேர்த்துட்டா போதுமாம். தலைப்பு மேல யாரு என்ன எழுதியிருந்தாலும் அது செல்லாதாம். மொத்த சைட்டும் ஒரே தட்டுல மாறிடுமாம். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருமாம்.

எனக்குச் சுருக்குன்னுச்சு சார். அவ எழுதினது முக்கியம்னா, நான் எழுதினது என்ன? போர்டுல யாரு பேரு இருக்கு? "என் கடையில அந்த வேலை வேண்டாம். நான் எழுதினதை நானே மாத்திக்கறேன். நீ எந்திரி"ன்னேன். எந்திரிச்சுட்டா. சேர்ல நான் உக்காந்தேன். நியாயமா, இல்லையா? எழுதினவன்தானே மாத்தணும்?

மாத்தினேன் சார். சோறு திங்கல, தண்ணி குடிக்கல. போர்க்குழாயை ரெண்டு தடவையும் மாத்தினேன். ஈஸ்வரி பின்னால நின்னுக்கிட்டிருந்தா. சாயங்காலம் ஆகப் போகுது, லாரன்ஸ் வாசல்ல ஹாரன் அடிக்கறான். அவ கேட்டா, "குறை எழுதி அனுப்பினா ஒரு நன்றிப் பக்கம் வருமே, அது மாத்தியாச்சா?"

"குறையை எழுதி அனுப்பறவன் எவன்? அதை யாரு பார்க்கப் போறா?"ன்னேன்.

"பார்த்தா?"

"இந்த ஊர்ல குறை சொல்லணும்னா ரோட்டுல உக்காருவான். வெப்சைட்டுக்கா வருவான்?"

இதுல என் தப்பு என்ன? ஊர் நிலவரத்தைச் சொன்னேன்.

மண்டபம் நிறைஞ்ச கூட்டம். அண்ணாச்சி கிளிப்பச்சைத் துண்டுல புதுமாப்பிள்ளை மாதிரி நிக்கறாரு. திரையில என் வெப்சைட், பச்சைப்பசேல்னு. கைதட்டல் சார்! மாவட்டச் செயலாளருக்கு ஒரே சந்தோஷம். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "நம்ம கட்சி இன்னைக்கு விஞ்ஞான பூர்வமா வளர்ந்திருக்கு. இப்ப ஒரு குறையைச் சொல்லிப் பார்ப்போமா?"ன்னாரு. நான் மெதுவா கதவுப் பக்கம் நகர்ந்தேன். அந்த ஆளு தானே கீபோர்டுல உக்காந்து, ஒத்தை விரல்ல, 'எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை'ன்னு ஒவ்வொரு எழுத்தாத் தட்டி அனுப்பினாரு.

திரை முழுக்க வாடாமல்லி.

'உங்கள் குறை என் குறை. உயிர் உள்ளவரை வாடாமல்லி.'

கீழ அண்ணாச்சி கும்பிடற படம். அப்புறம் பின்வரிசையில எவனோ விசிலடிச்சான். விசிலடிச்சதும் சிரிப்பு. சிரிப்பு வந்ததும் ஒரு நாற்காலி பறந்துச்சு. அண்ணாச்சியைப் பின்பக்க வழியா, சமையல்கட்டு வழியா, கூட்டிட்டுப் போனாங்க.

அப்புறம் கடைக்கு வந்தாங்க சார், பச்சைத் துண்டுக்காரங்க, பெரிய கூட்டம். "எவன்டா அந்தப் பக்கத்தைச் செஞ்சது?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? "அது என் வீட்டுக்காரி பார்த்த வேலைங்க, கவனக்குறைவுல விட்டுட்டா"ன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். பொம்பளைன்னா கை வெக்கமாட்டாங்கல்ல? சமயோசிதம். ஈஸ்வரி உள்ளேயிருந்து வந்து அவங்க முன்னால நின்னா. அதுல ஒருத்தன், "ஏம்மா, வேலை தெரியலைன்னா வீட்டுல அடுப்பை ஊத வேண்டியதுதானே"ன்னு என்னென்னமோ பேசினான். அவ என்னைக் காட்டிக் குடுக்கல. பேசி முடிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு கீறல் இல்ல, கடைக்கும் ஒரு கீறல் இல்ல. எப்படி சமாளிச்சேன் பார்த்தியான்னு அவகிட்டயே கேட்டேன். "பார்த்தேன்"னா.

அவ்வளவுதான். மறுநாள்தான் தங்கச்சி வீட்டுக்குப் போனது. தனி ஃபைல் விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு.

ஆனா கதை அதோட முடியல. இனிமேதான் இருக்கு. கிளிப்பச்சைக்காரங்க அண்ணாச்சிக்கு சீட் இல்லைன்னுட்டாங்க. ஆனா மண்டபத்துல எவனோ போன்ல எடுத்த வீடியோவைப் பார்த்துட்டு வாடாமல்லிக் கட்சி மேலிடத்துலயே ஒருத்தர் கண் கலங்கிட்டாராம். "உடம்பு அங்க போச்சு, உள்ளுக்குள்ள ஒரு பக்கத்தை நமக்காக மறைச்சு வெச்சிருக்கான்யா"ன்னு. அண்ணாச்சியைக் கூப்பிட்டாங்க. அண்ணாச்சியும் துண்டை உதறிட்டு, "தெரிஞ்சேதான் விட்டு வெச்சேன்"னுட்டாரு. சீட் குடுத்தாங்க. நின்னாரு. ஜெயிச்சாரு! இன்னைக்கு அவரு நகராட்சித் தலைவர்.

வெற்றி விழாவுல என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கத்தைச் செஞ்சது யாருப்பா?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டாரு.

"நான்தான் அண்ணாச்சி"ன்னேன்.

உண்மைதானே? நான் எழுதினதுதானே? மாலை போட்டாங்க. போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோவை ஈஸ்வரிக்கும் அனுப்பினேன். பார்த்துட்டதா ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரல. வேலை இருந்திருக்கும்.

இப்ப சொல்லுங்க சார். அவ சொன்ன மாதிரி எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? எல்லாப் பக்கமும் ஒழுங்கா மாறியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒழுங்கா மாறியிருந்தா அண்ணாச்சி இன்னைக்கு எங்க இருந்திருப்பாரு? எந்த இடத்துல எழுதினது சரி? நியாயத்தைச் சொல்லுங்க.

யோசிக்கறீங்க. யோசிங்க.

அண்ணாச்சியைப் பத்தி மட்டும் ஒரு சின்ன வருத்தம். இப்ப அவரு வேலையெல்லாம் கோவில்பட்டிக்குத்தான் போகுது, ஈஸ்வரிகிட்ட. நேர்லயே போய்க் கேட்டேன். "என்ன அண்ணாச்சி, மாலை எனக்கு, வேலை அங்கயா?"

அன்னைக்குத்தான் அவரு எங்கிட்ட சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசினாரு. "தம்பி, உன் கை ராசியான கை. இல்லைன்னு சொல்லல. ஆனா இன்னொரு தடவை மாற வேண்டி வந்தா சட்டுனு மாறணும்ல?"

போகட்டும். குடும்பத்துக்குள்ளதானே. அவளுக்கு வந்தா எனக்கு வந்த மாதிரி.

அதனாலதான் நானே இறங்கி வந்துட்டேன். ஆம்பளைன்னு பார்த்தா ஆகுமா? கடையில நான் ஒத்தையா உக்காந்திருக்கேன். வர்ற கஸ்டமர், "அக்கா இல்லையா?"ன்னு கேட்டுட்டு, அப்புறம் வர்றேன்னு போயிடறான். சாயங்காலம் ரெண்டு டீ சொல்லிடறேன், பழக்கத்துல. டீக்கடைக்காரன் ரெண்டையும் வெச்சுட்டுப் போறான். ரெண்டையும் நானே குடிக்கறேன். தூக்கம் வரமாட்டேங்குது. டீயினாலதான்.

சரி, விட்டுக் குடுத்துருவோம்னு நம்ம கடை வெப்சைட்டையே எடுத்தேன். குரு வெப் வேர்ல்டு. அது மேல நான் எழுதினது எல்லாத்தையும் ஒவ்வொன்னா அழிச்சேன். அழிச்சு, அவ ஆசைப்பட்ட மாதிரியே ஒரே ஃபைல்ல கொண்டாந்து வெச்சேன். கொஞ்ச வேலையில்ல சார். தப்பு தப்பாத்தான் வந்துச்சு. அவ பழைய ஃபைலைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். சுத்தமா எழுதியிருக்கா. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, இது எதுக்குன்னு குறிப்பு. எனக்குப் புரியணும்னு தமிழ்ல எழுதியிருக்கா. இத்தனை நாள் நான் அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கலையா, அதனால தெரியல.

ஒன்னே ஒன்னு மட்டும் மாத்தல. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில 'வடிவமைப்பு: குருவையா'ன்னு இருக்கும். அதை மட்டும் அது மேலேயே எழுதி வெச்சிருக்கேன், பெருசா, வாடாமல்லி நிறத்துல. ஒன்னாவது எனக்குன்னு இருக்கட்டுமே. அவ கோவிச்சுக்க மாட்டா.

அதை ஏத்திட்டு, 'எல்லாம் நீ சொன்ன இடத்துல எழுதிட்டேன், வந்து பாரு'ன்னு அவளுக்கு மெசேஜ் போட்டேன். பாஸ்வேர்டெல்லாம் அவகிட்டதான் இருக்கு, அவ வெச்சதுதான். நேத்து மத்தியானம் உள்ள வந்திருக்கா சார்! யாரு எப்ப வந்தாங்கன்னு அதுல காட்டும். உள்ள வந்து ஃபைலைத் திறந்து, ஒரு வரி எழுதி, சேவ் பண்ணிட்டுப் போயிருக்கா. ஒரே ஒரு வரி. என்ன எழுதினான்னு நான் படிக்கல, கடைசியில ஒரு ஆச்சரியக்குறி மட்டும் கண்ணுல பட்டுச்சு. எதுக்கு நோண்டணும்? கோவம் இருக்கறவ வந்து கைவைப்பாளா? மனசு இறங்கிட்டா. அதான் இன்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

எட்டயபுரம் வந்துருச்சா? பேச்சுல தெரியல. இருங்க, சைட்டைக் காட்டறேன், உங்களுக்கும் பிடிக்கும். இந்தா, திறக்குது. தலைப்பு பாருங்க, நல்லா இருக்குல்ல? இது நம்ம கடை போட்டோ. இது ஈஸ்வரி, கல்யாணத்துக்கு அப்புறம் கடை திறந்தப்ப எடுத்தது. கீழ வாங்க. இன்னும் கீழ. அடியில என் பேரு இருக்கும் பாருங்க.

எங்க காணோம்?

இருங்க, இன்னொரு பக்கத்தைத் திறக்கறேன். இதுலயும் வரல. இங்க டவர் சரியில்ல சார், இந்த ரூட்டே இப்படித்தான். உங்க போன்ல திறங்க. அதுலயுமா?

மத்தது எல்லாம் வந்துருச்சு, படம்கூட வந்துருச்சு. என் பேரு மட்டும் இன்னும் ஏறல. கோவில்பட்டி நெருங்கினா வந்துரும் சார்.